பரமேஸ்வரியின் பதினொரு கட்டு

அத்தியாயம் 6

காசைத் தொலைத்தவர்கள் துப்பறிவாளரைத் தேடி வருவது உலக வழக்கம். காசை அலுமாரியில் பத்திரமாகப் பூட்டி வைத்துக்கொண்டு, அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துத் தாருங்கள் என்று வந்து நின்றவர், முருங்கன் சந்தியில் பசளைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அந்தத் துப்பறியும் கந்தோரின் நான்கு வருடச் சரித்திரத்தில் பரமேஸ்வரி ஒருவர்தான்.

"இவ்வளவு நாளும் களவு போனாத்தான் வருவினம்," என்றாள் அன்ரோனெற். "இப்ப களவு போகாட்டியும் வருகினம். தொழில் முன்னேறுது, சேர்."

சேர் என்பவர் சிவசுப்பிரமணியம். முப்பத்து நான்கு வருடம் காணிக் கந்தோரில் எழுதுவினைஞராகக் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வு பெற்ற மறுமாதமே 'தனியார் துப்பறிவாளர்' என்று பலகை எழுதி மாட்டியவர். அவரிடம் துப்பாக்கி இல்லை. ஒரு பூதக்கண்ணாடி உண்டு. அதுவும் படிவங்களின் பொடி எழுத்தை வாசிப்பதற்கு. எந்தப் படிவத்தையும் கடைசிப் பக்கத்துக் கடைசி வரி வரை வாசித்து முடிக்கும் கெட்ட பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. அன்ரோனெற் பேசாலைக்காரி. ஓட்டோ அவளுடையது, ஆகவே கந்தோரின் வாகனப் பிரிவு அவள்தான். வாயும் அவளுடையதுதான் என்பதால் மக்கள் தொடர்புப் பிரிவையும் அவளே வைத்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். உயிலங்குளத்தில் பரமேஸ்வரிக்கும் அவருடைய அண்ணன் பரமநாதனுக்கும் தகப்பன் விட்டுப்போன நாலு ஏக்கர் வயல், ஆளுக்குப் பாதி. அண்ணன் லண்டனுக்குப் போய் முப்பது வருடமாகிறது. இடம்பெயர்ந்து திரும்பி வந்து, காடு பற்றிக் கிடந்த வயலைத் திருத்தி, அன்றிலிருந்து பன்னிரண்டு வருடமாகத் தனியாளாக விதைத்து வெட்டுபவர் பரமேஸ்வரி. இப்போது அண்ணனுக்குத் தன் பாதியை விற்க வேண்டுமாம். விலை இருபது இலட்சம். தங்கைக்கு முதல் உரிமை, அதுவும் வெள்ளிக்கிழமை வரைதான். தவறினால் கல்யாண மண்டபம் கட்டும் கம்பனி ஒன்று காசோடு நிற்கிறது. கம்பனி கேட்பது வாய்க்கால் பக்கத்துப் பாதியை. அது போனால் மிச்சப் பாதிக்குத் தண்ணீர் வராது. ஐம்பத்தெட்டு வயதில் பரமேஸ்வரி வரம்பில் குந்தியிருந்து மண்டபத்துக்கு வரும் கார்களைப் பார்க்க வேண்டியதுதான்.

காசு இருந்தது. ஆனால் அதைக் கையில் வாங்க அண்ணன் தயாரில்லை. "எல்லாம் லீகலா வங்கியால வரவேணும், இஞ்ச கேப்பாங்கள்," என்று சொல்லிவிட்டார். வங்கிக்குப் போனால் அங்கேயும் கேட்டார்கள்.

புதன்கிழமை காலை மூவரும் வங்கியில் இருந்தார்கள். கழுத்துப்பட்டி கட்டிய டிலான் என்ற இளம் உத்தியோகத்தர், நாலு பக்கப் படிவமொன்றை மேசைமேல் வைத்து, மிக்க மரியாதையோடு விளக்கினான்.

"அன்ரி, எனக்கு உங்களில ஒரு சந்தேகமும் இல்லை. சிஸ்டத்துக்குத்தான் சந்தேகம். பாஸ்புக்கில இருக்கிறது போக, பத்தொன்பது இலட்சத்துப் பதினேழாயிரம் காசா வருது. எங்கால வந்ததெண்டு ஒரு ஆதாரம் வேணும்."

"சேமிப்புத் தம்பி," என்றார் பரமேஸ்வரி.

"சேமிப்பு எண்டால் எதில இருந்து? சம்பளச் சீட்டு இருக்கோ? வியாபாரப் பதிவு? ஆரும் செத்து எழுதி வைச்ச காசோ?"

"இல்லை."

"லொத்தர் விழுந்திருந்தாலும் பரவாயில்லை. அந்தக் கடிதம் போதும்."

"ஒரு நாளில லொத்தரில விழுந்தா உங்கட சிஸ்டம் நம்பும்," என்றாள் அன்ரோனெற். "பன்னிரண்டு வருசம் வெயிலில நிண்டா நம்பாது."

"நான் சட்டத்தைச் சொல்லுறன் அக்கா," என்றான் டிலான் பாவமாக. அவனைக் கோபிக்கவும் மனம் வரவில்லை. "நெல் வித்த காசெண்டா, நெல் வித்த பில்லைக் கொண்டுவாங்கோ. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு முன்னம் வந்தாத்தான் அண்டைக்கே அனுப்பலாம்."

பில் என்ற சொல்லைக் கேட்டதும் பரமேஸ்வரியின் கை சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டதை அன்ரோனெற் கண்டாள். சிவசுப்பிரமணியம் காணவில்லை போலிருந்தது. அவர் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் மூழ்கியிருந்தார்.

"ஐயா, ஒரு கடிதம் எடுத்துத் தந்தாப் போதும்," என்று வெளியே வந்ததும் பரமேஸ்வரி சொன்னார். "நெல் வித்த காசெண்டு ஆரும் பெரிய ஆள் ஒரு வரி எழுதித் தந்தா..."

"ஆருக்கு வித்தனீங்கள்?"

"ஒரு இடமெண்டில்லை. வீட்டுக்கு வாற ஆக்களுக்குக் குடுக்கிறது. அங்க இஞ்ச."

"முதல்ல காசைப் பாப்பம்," என்றார் சிவசுப்பிரமணியம்.

உயிலங்குளத்தில் பரமேஸ்வரியின் வீடு இரண்டு அறையும் ஒரு விறாந்தையும். அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பசளைப் பையைத் தூக்கி வந்து மேசையில் கவிழ்த்தார். நோட்டுக் கட்டுகள் விழுந்தன. மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றும் பச்சை நூலால் இறுக்கக் கட்டியிருந்தது. அன்ரோனெற் தன் வாழ்நாளில் இவ்வளவு காசை ஒன்றாகக் கண்டதில்லை. கண்டவுடன் கையைத் தன் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"சிறுகச் சிறுகச் சேத்தனான்," என்றார் பரமேஸ்வரி.

சிவசுப்பிரமணியம் நோட்டுகளின் பழமையைப் பார்த்து, கட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார். முதல் ஏழும் மெல்ல மெல்லக் கொழுத்துக்கொண்டு வந்தன. எட்டாவது சவர்க்காரத் துண்டு போலத் தேய்ந்து கிடந்தது. ஒன்பதாவது திடீரென்று பெருத்துவிட்டது.

"சிறுகச் சிறுகச் சேத்தா நூறும் இருநூறும் இருக்கவேணும் அம்மா. இதில எல்லாம் ஐயாயிரமும் ஆயிரமும். ஒவ்வொரு கட்டும் ஒரே நாளில பிறந்திருக்கு. எட்டாவது பிள்ளை ஏன் மெலிஞ்சு போச்சு?"

பரமேஸ்வரி யோசிக்காமலே பதில் சொன்னார். "அது அரசாங்கம் பசளையைத் தடை செய்த வருசம் ஐயா. வயல் மஞ்சளாப் போச்சு."

"அப்ப வருசத்துக்கு ஒரு கட்டு. மாசி வெட்டோட ஒண்டு."

"ஓம்."

"பன்னிரண்டு வருசத்துக்குப் பதினொரு கட்டு."

"ஒரு வருசம் குளத்தில தண்ணி இல்லை. விதைக்கவேயில்லை."

இதைச் சொல்லும்போது அவருக்கு முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. வயலைப் பற்றிக் கதைக்கும் வரையில் பரமேஸ்வரிக்குப் பொய் வரவில்லை. சிவசுப்பிரமணியம் அவருடைய வங்கிப் பாஸ்புக்கைக் கேட்டார். அதையும் தயங்கித்தான் கொண்டுவந்தார். சிவசுப்பிரமணியம் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு மாசி மாத வரவையும் பார்த்தார். பிறகு அன்ரோனெற்றிடம் மூன்று கட்டுகளைக் கொடுத்து எண்ணச் சொன்னார். எண்ணி முடித்து அவள் சொன்ன தொகைகளுக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, பாஸ்புக்கை மூடிக் கொடுத்தார்.

ஓட்டோ பிரதான வீதிக்கு ஏறும் வரை அவர் விரலை மடக்கி எதையோ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேள்வியைக் கேளுங்கோ சேர். எனக்குப் பெற்றோல் எரியுது."

"முதல் கட்டு எவ்வளவு?"

"ஒரு இலட்சத்துப் பன்னீராயிரம்."

"அந்த வருசம் மாசியில பாஸ்புக்கில போட்டதும் ஒரு இலட்சத்துப் பன்னீராயிரம். நீ எண்ணின மற்ற ரெண்டு கட்டும் அப்பிடித்தான். ரூபா பிசகேல்லை. ஒரே வயல், ஒரே வெட்டு. பாதிக் காசு வங்கிக்குப் போகுது, பாதிக் காசு அலுமாரிக்குப் போகுது. வங்கி வட்டி குடுக்கும். அலுமாரி என்ன குடுக்கும்?"

"கரப்பொத்தான் குடுக்கும்."

"அப்ப ஏன் அலுமாரியில வைச்சவ?"

அன்ரோனெற்றுக்கு அது தெரியவில்லை. ஆனால் வேறொன்று தெரிந்திருந்தது. அதைச் சொல்வதற்காக ஓட்டோவை ஓரமாக நிறுத்தினாள். சும்மா ஓடிக்கொண்டே சொல்லியிருக்கலாம். ஆனால் கண்டுபிடித்தவள் தான் என்பது சேருக்கு மனதில் பதியவேண்டும் அல்லவா.

"அந்தப் பச்சை நூல் சாக்குத் தைக்கிற நூல் சேர். முருங்கனில மற்ற மில்லுகள் எல்லாம் வெள்ளை நூல். பச்சை போடுறது பொன்னையா முதலாளியின்ர மில்லில மட்டும். அங்கயிருந்து நான் ஏத்தாத மூடையில்லை. அங்க இஞ்ச வித்தன் எண்டு சொன்ன மனிசிக்குப் பதினொரு வருசமும் எப்பிடி ஒரே மில்லு நூல் வந்தது?"

சிவசுப்பிரமணியம் அவளைத் திரும்பிப் பார்த்தார். "மில்லுக்கு விடு."

பொன்னையா முதலாளியின் மில்லில் தவிட்டுத் தூசி எல்லாவற்றிலும் படிந்திருந்தது, முதலாளியின் புருவம் உட்பட. 'பழைய பில் புத்தகம்' என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டார்.

"நீங்கள் வருமான வரியோ?"

"எங்களைப் பாத்தா வருமானம் தெரிஞ்ச ஆக்கள் மாதிரி இருக்கோ?" என்று கேட்டாள் அன்ரோனெற். "வெளியில நிக்கிற ஓட்டோவின்ர சீற்றைப் பாருங்கோ. கிழிஞ்ச இடத்தில அரிசிச் சாக்கு."

முதலாளி எட்டிப் பார்த்து ஆறுதலடைந்து மறுபடியும் உட்கார்ந்தார். "நான் பில் போடாமல் ஒருத்தரிட்டயும் ஒரு மூடை வாங்கினது கிடையாது," என்று தேவைக்கு மேல் உரத்துச் சொன்னார். சொன்னபடியே பில் புத்தகங்களும் இருந்தன. கறையான் அரித்தது போக மிச்சமெல்லாம் நன்றாகவே இருந்தது. மாசி மாதமாகப் பார்த்துப் புரட்டினார்கள். கார்பன் தாளின் நீல எழுத்தில், உயிலங்குளம், ஐம்பத்தாறு மூடை, ஒரு இலட்சத்துப் பன்னீராயிரம். அடுத்த வருடம் அதே மாதிரி. ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பில். அரை மணித்தியாலத்துக்குள் பதினொரு பில்லும் மேசையில் கிடந்தன.

"முடிஞ்சுது," என்றாள் அன்ரோனெற். "தொகை சரி, திகதி சரி, மில்லு சரி. அந்தக் கழுத்துப்பட்டித் தம்பியின்ர மேசையில கொண்டுபோய் அடுக்கிவிட்டு, சிஸ்டத்துக்கு ஒரு பிளேன்ரீ வாங்கிக் குடுப்பம்."

"பேரை வாசி," என்றார் சிவசுப்பிரமணியம்.

அவள் வாசித்தாள். அடுத்ததையும் வாசித்தாள். பிறகு பதினொன்றையும் விசிறி மாதிரி விரித்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் விற்றவர் பெயர் பரமநாதன்.

"அந்த அம்மா ஒவ்வொரு முறையும் ரெண்டு பில் கேப்பா," என்றார் முதலாளி. "ரெண்டு தரம் நிறுக்கவேணும். முதல்ல அண்ணன்ர மூடை, பிறகு தன்ர மூடை. ஒற்றை மூடை மிஞ்சினா அதையும் அவிட்டு அரைவாசியாக்கச் சொல்லுவா. என்ர பெடியங்கள் சிரிப்பாங்கள். நான் சொல்லுவன், பங்காளி லண்டனில இருக்கேக்க நெல்லைச் சரிபாதியாப் பிரிக்கிற மனிசியை இந்த ஊரில வேற எங்கயடா பாக்கப்போறியள் எண்டு."

ஆக, பணத்தின் மூலம் கிடைத்துவிட்டது. ஆதாரம் பதினொரு தாளில், முத்திரையோடு, கறையான் சாட்சியாகக் கிடைத்துவிட்டது. அந்த ஆதாரம் பரமேஸ்வரியின் அலுமாரியில் இருப்பது பரமநாதனின் காசு என்று நிரூபித்தது.

அவர்கள் திரும்பிப் போனபோது பரமேஸ்வரி படலையிலேயே நின்றார். சிவசுப்பிரமணியத்தின் கையிலிருந்த தாள்களைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. அவர் பில்களை நீட்டினார். பரமேஸ்வரி அவற்றை வாங்கவில்லை.

"நான் களவெடுக்கேல்லை ஐயா."

"நாங்கள் அப்பிடிச் சொல்லேல்லை."

"கேட்டாக் குடுக்கத்தான் வைச்சிருந்தனான். ஒவ்வொரு வருசமும் போனில சொல்லுவன், அண்ணை இந்தமுறை வெட்டு நல்லம் எண்டு. சரி சரி எண்டு வைச்சுப்போடுவார். ஒரு நாளும் தன்ர பங்கு எங்க எண்டு கேக்கேல்லை. வந்து நிண்டா கையில குடுப்பம் எண்டு இருந்தன். இப்ப காணியை விக்கப்போறன் எண்டார். எனக்கு வேற காசில்லை. அவற்ற காசைக் குடுத்து அவற்ற காணியை வாங்கிறது பிழையெண்டு தெரியும். மூண்டு நாளா எனக்குச் சோறு இறங்கேல்லை."

"வங்கியில போட்டிருந்தா இந்தக் கரைச்சல் ஒண்டும் இல்லையே அக்கா," என்றாள் அன்ரோனெற்.

"அவற்ற காசை என்ர பேரில எப்பிடித் தங்கச்சி போடுறது?"

அன்ரோனெற் யோசித்துப் பார்த்தாள். இந்த மனிசி கொஞ்சம் கள்ளியாக இருந்திருந்தால் இன்றைக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. பாஸ்புக்கில் மொத்தமும் சொந்தப் பெயரில் ஏறியிருக்கும், சிஸ்டம் பல்லைக் காட்டிக்கொண்டு இருபது இலட்சத்தை அனுப்பியிருக்கும். ஒழுங்காக நடந்த பாவத்துக்குப் படிவம் நாலு பக்கம்.

"செலவு கழிச்சுத்தானே பாதி பிரிச்சனீங்கள்?" என்று சிவசுப்பிரமணியம் கேட்டார்.

"எந்தச் செலவு?"

"உழவு, விதைநெல், பசளை, மருந்து, வெட்டு மெசின்."

"அதெல்லாம் என்ர பாதியிலதான். அண்ணையிட்ட எப்பிடி ஐயா பசளைக் காசு கேக்கிறது?"

"அப்ப உங்களுக்கு என்னதான் மிஞ்சினது?" அன்ரோனெற்றின் குரல் உயர்ந்துவிட்டது. அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. யார்மேல் என்பதுதான் தெளிவாகவில்லை.

"வீட்டுச் சாப்பாட்டுக்கு நெல் மிஞ்சும்," என்றார் பரமேஸ்வரி. "வயல் இருந்தாக் காணும் தங்கச்சி. அது போனா நான் காலமை எழும்பி எங்க போறது?"

விறாந்தையில் இருந்த ஒரே கதிரையில் சிவசுப்பிரமணியம் உட்கார்ந்து, வங்கிப் படிவத்தை எடுத்து நாலாம் பக்கத்துக்குப் புரட்டினார். பூதக்கண்ணாடி வரிவரியாக இறங்கி, அடியில் ஓரிடத்தில் நின்றது. இந்த மனிசன் சிரிப்பதை அன்ரோனெற் நான்கு வருடத்தில் மூன்று தரம்தான் கண்டிருக்கிறாள்; இது நாலாவது.

"அம்மா, அண்ணைக்கு ஒரு போன் போடுங்கோ. சத்தத்தைக் கூட்டி விடுங்கோ."

"சேர், அவருக்குச் சொன்னா முழுக்கப் போயிடும்," என்று அன்ரோனெற் காதோடு சொன்னாள்.

"சொல்லாமல் பில்லைக் குடுக்கேலாது. பில் இல்லாமல் வங்கி எடுக்காது. அப்ப சொல்லித்தான் ஆகவேணும்."

லண்டனில் அப்போது காலை பத்து மணி. பரமநாதன் உற்சாகமாக எடுத்தார். சிவசுப்பிரமணியம் தன்னை அறிமுகம் செய்து, பில், தராசு, பதினொரு கட்டு என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். மறுமுனையில் கொஞ்ச நேரம் மௌனம். மனம் உருகிய மௌனமாக்கும் என்று அன்ரோனெற் நினைத்தாள். அது கணக்குப் பார்த்த மௌனம்.

"லுக், மிஸ்டர் சிவம். அப்ப அது என்ர காசு."

"ஓம். பில்லே உங்கட பேரில."

"அப்ப அந்தப் பத்தொன்பதும் எனக்கு வரவேணும். காணிக்கு இருபது வேற. தங்கச்சி எண்டு பாத்தா இதெல்லாம் சரிவராது. எல்லாம் லீகலா இருக்கவேணும்."

பரமேஸ்வரி கேட்டுக்கொண்டு நின்றார். அழவில்லை. தலையை ஆட்டினார், அண்ணன் சொல்வது நியாயம்தானே என்பது போல. அன்ரோனெற்றால் அதைத்தான் பார்க்க முடியவில்லை.

"நூற்றுக்கு நூறு லீகல்," என்றார் சிவசுப்பிரமணியம். "நாளைக்கே உங்கட பேரில காட்டுறம். வங்கிக்கு ஒரு சின்ன விபரம் மட்டும் தேவைப்படுது. படிவத்தில ஏழாம் பிரிவு. வாசிக்கிறன் கேளுங்கோ. 'இப்பணத்தின் உண்மையான உரிமையாளர் வேறொருவராயின் அவர் வசிக்கும் நாடும் அந்நாட்டு வரி இலக்கமும். இவ்விபரம் அந்நாட்டு வரி அதிகாரிகளுக்கு அறிவிக்கப்படலாம்.' உங்கட வரி இலக்கத்தை ஒருக்காச் சொல்லுங்கோ."

"என்னத்துக்கு?"

"பன்னிரண்டு வருசமா இஞ்ச வயல் வருமானம் உங்களுக்கு வந்திருக்குதெண்டு பில்லோட காட்டப்போறம். நீங்கள் ஒவ்வொரு வருசமும் அங்க அதைக் காட்டியிருப்பியள்தானே. லீகலான ஆள்."

அன்ரோனெற் போனுக்குக் காதைக் கொடுத்தாள்.

"லைன் போட்டுதோ சேர்?" என்றாள் அன்ரோனெற்.

"இல்லை. மூச்சு விடுறது கேக்குது."

"பென்னை எடுத்து வைச்சிருக்கிறன்," என்று அவள் போனை நோக்கிக் குனிந்து சொன்னாள். "இலக்கத்தை ஆறுதலாச் சொல்லுங்கோ அண்ணை. பிழை விட்டா அவங்கள் வீடு தேடி வரவேண்டியிருக்கும்."

"மிஸ்டர் சிவம்," என்று பரமநாதன் கடைசியில் சொன்னார். குரலிலிருந்து உற்சாகம் முழுக்க இறங்கியிருந்தது. "எனக்கும் அந்தக் காசுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் ஒரு வருமானமும் எடுக்கேல்லை. அவ ஏதோ தன்ர பாட்டில என்ர பேரைப் போட்டிருக்கிறா."

"அப்ப ஆற்ற காசு?"

"அவளின்ர. அவள்தானே விதைச்சவள்."

"அதை எழுதித் தருவியளோ?"

"இப்பவே எழுதிறன்."

அவர் கேட்டதற்கு மேலேயே எழுதினார். பயந்த மனிதன் எழுதும் கடிதத்தில் ஒரு குறையும் இருக்காது என்பதைச் சிவசுப்பிரமணியம் காணிக் கந்தோரிலேயே கண்டிருந்தார். வியாழக்கிழமை காலை கையெழுத்தும் சட்டத்தரணி முத்திரையுமாகக் கடிதத்தின் பிரதி வட்ஸ்அப்பில் வந்தது. மூலப் பிரதி கூரியரில் வருகிறது என்று அதற்கும் ஒரு ரசீது வைத்திருந்தார்.

"ஒண்டு விளங்கேல்லை சேர்," என்றாள் அன்ரோனெற், வெள்ளிக்கிழமை வங்கி வாசலில் ஓட்டோவை நிறுத்தியபடி. "எண்ணிப் பாத்தா, தன்ர பங்கு நெல்லுக் காசை வாங்கிக்கொண்டு தன்ர பங்குக் காணியைச் சும்மா குடுக்கிறார். அவருக்கு நட்டம்தானே?"

"பன்னிரண்டு வருசத்துப் பசளையையும் உழவையும் அந்த அம்மாவின்ர கூலியையும் கழிச்சுப் பார்; நெல்லில அவருக்கு ஒண்டும் மிஞ்சாது. காணிக்கு அந்த அம்மா முழு விலையும்தான் குடுக்கிறா."

டிலான் கடிதத்தின் பிரதியையும் கூரியர் ரசீதையும் பதினொரு பில்லையும் முன்னும் பின்னும் பார்த்தான். கணினியில் எதையோ தட்டினான். திரையில் பச்சை நிறத்தில் ஒரு கோடு வந்ததும் அவனுக்கே சந்தோஷம் தாங்கவில்லை. சிஸ்டத்துக்குத் திருப்தியாம். ஆறுமாதமாக இப்படி ஒழுங்கான ஆதாரத்தைத் தான் காணவில்லை என்றான்.

"அந்தக் கடிதத்தை ஒருக்கா வாசியுங்கோ தம்பி," என்றார் பரமேஸ்வரி. "போனில எழுத்துச் சின்னன். எனக்குத் தெரியேல்லை."

டிலான் உத்தியோகக் குரலில் வாசித்தான். "'மேற்படி வயலைப் பன்னிரண்டு வருடங்களாகத் திருத்தி, விதைத்து, காத்து, அறுவடை செய்தவர் எனது தங்கை பரமேஸ்வரி மாத்திரமே. அதன் செலவில் நான் ஒரு சதமும் பங்கெடுக்கவில்லை. அதன் விளைச்சல் முழுவதும் அவருடைய உழைப்பு. அதில் எனக்கு எவ்வித உரிமையும் இருந்ததில்லை.'"

"உழைப்பு எண்டதை இன்னொருக்கா."

அவன் அந்த வரியை மறுபடியும் வாசித்தான். பரமேஸ்வரி முன்னுக்குச் சாய்ந்து, இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த மனிசி இதை அண்ணனின் பாசம் என்று எடுத்துவிடப் போகிறாரே என்று அன்ரோனெற்றுக்குப் பதறியது. பிறகு ஏமாறுவதை விட இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

"அக்கா, அது உங்களில உள்ள பட்சத்தில எழுதினது இல்லை. வரிக்காரருக்குப் பயந்து எழுதினது."

"தெரியும் தங்கச்சி. நானும் பக்கத்திலதானே இருந்தனான்," என்றார் பரமேஸ்வரி. "பயத்தில எழுதினாலும் உண்மையைத்தானே எழுதியிருக்கிறார்."

அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, அந்தத் தாளில் தனக்கும் ஒரு பிரதி எடுத்துத் தர முடியுமா என்று டிலானிடம் கேட்டார்.